பெண் பூவை நுண்ணோக்கியில் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவரவியல் படிக்கிறவர்களும், வீட்டில் சின்னதாக ஒரு நுண்ணோக்கி வைத்துக்கொண்டு கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டிப் பார்க்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் சொல்லவில்லை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சூலைப் (பின்னால் விதையாகும் பகுதி) பற்றிக் கேட்டால் என்னால் சுருக்கமாகப் பேச முடியாது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெண் பூவின் உள்ளே இருக்கும் திசுக்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்யப் போனால் நாலு நாளில் மறந்துபோகும். அதை ஒரு வழித்தடமாகப் பாருங்கள். மேலே சூலகமுடியில் விழும் மகரந்தத்துகள் ஒரு குழலை நீட்டுகிறது. அந்தக் குழல் சூலகத்தண்டு வழியாக இறங்கி, சூற்பைக்குள் நுழைந்து, ஒரு சூலைத் தேடிப் போய்ச் சேர்கிறது. நாம் பார்க்கும் திசுக்களில் பெரும்பாலானவை அந்தப் பயணத்துக்கு வழிவிடவோ, ஊட்டம் கொடுக்கவோ, தடுக்கவோ அமைந்தவை.

பெண் பூ என்றால் மகரந்தம் இல்லாத பூ, அவ்வளவுதானே?

பாதி சரி. சூலகம் (முடி, தண்டு, சூற்பை மூன்றும் சேர்ந்த பெண் உறுப்பு) வேலை செய்யும். மகரந்தத்தாள் (மகரந்தம் தரும் ஆண் உறுப்பு) இருக்காது, அல்லது இருந்தும் பயன்படாது. அதுதான் பெண் பூ. இந்த 'இருந்தும் பயன்படாது' என்ற இடத்தில்தான் நுண்ணோக்கிக்கு வேலை வருகிறது. கிவிப் பழக்கொடியின் பெண் பூவை வெறுங்கண்ணால் பார்த்தால் இருபால் பூ என்று சத்தியமே செய்வீர்கள். மகரந்தத்தாள்கள் கூட்டமாக நிற்கும், பையில் துகளும் இருக்கும். அந்தத் துகளை அசிட்டோகார்மின் சாயத்தில் போட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்: உள்ளே சாயம் ஏற எதுவுமில்லாத வெறும் ஓடுகள்.

பப்பாளிப் பெண் பூ இதற்கு நேர் எதிர். மகரந்தத்தாளின் சுவடுகூட இருக்காது. பூசணியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை: சூலகத்தண்டின் அடியைச் சுற்றிச் சின்னச் சின்ன மலட்டு மகரந்தத்தாள்கள் தலைகாட்டும்.

செடிகளிலும் ஆண், பெண் உண்டு என்பதைச் சோதனை செய்து காட்டியவர் ஜெர்மனியின் டியூபிங்கனில் இருந்த காமராரியஸ். 1694இல் எழுதினார். ஆமணக்குக் கதிரின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஆண் மொட்டுகளை மலருமுன் கிள்ளி எறிந்துவிட்டுக் காத்திருந்தார். மேலே இருந்த பெண் பூக்களில் முளைக்கக்கூடிய விதை பிடிக்கவில்லை. திசுவை வெட்டிப் பார்க்காமலே கண்டுபிடித்த விஷயம் அது.

தொடங்குவதற்கு எந்தப் பூ நல்லது?

பூசணி அல்லது வெள்ளரி. பூவுக்குக் கீழே குட்டிக் காய் போல உருண்டிருப்பதுதான் சூற்பை, அதனால் பெண் பூவைத் தப்பாகப் பறிக்க வழியே இல்லை. பெரிதாக இருக்கும், பிளேடுக்கு வாகாக நிற்கும், ஒரே வெட்டில் ஏராளமான சூல்கள் கிடைக்கும்.

ஆமணக்கு இரண்டாவது பாடமாக இருக்கட்டும். மூன்று அறை, அறைக்கு ஒரே சூல், எல்லாம் ஒழுங்காக அமர்ந்திருக்கும். மக்காச்சோளத்தைச் சூலகத்தண்டுக்காகப் பாருங்கள். பப்பாளியைப் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை. பால் குழாய்கள் நிறைந்த திசு அது. வெட்டின உடனே பால் கசிந்து, பிளேடு ஒட்டிக்கொண்டு, சீவல் சுருண்டுபோகும். பொறுமை இருந்தால் தண்ணீரில் அலசி அலசி வெட்டலாம்.

வெட்டுக்காயப் பூண்டின் கொத்தில் ஓரத்தில் இருக்கும் வெளிர்நிறக் குறும்பூக்களும் பெண் பூக்கள்தான். சிறியவை, ஆனால் ஒரு குறும்பூவுக்கு ஒரே சூல் என்பதால் நீள்வெட்டில் முழுக் கதையும் ஒரே பார்வைப் புலத்தில் அடங்கிவிடும்.

எப்போது பறிப்பது?

நீங்கள் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெருவித்துத் தாய்செல்லை (கருப்பை உருவாகத் தொடங்கும் செல்) பார்க்க வேண்டுமென்றால் மொட்டு இன்னும் பச்சையாக, இறுக மூடியிருக்கும்போதே. முழு வளர்ச்சி பெற்ற கருப்பை (சூலுக்குள் அண்டசெல் இருக்கும் பை) வேண்டுமென்றால் மலரும் நாளன்று. பூசணிப் பூ ஒரே ஒரு காலைப்பொழுதுதான் திறந்திருக்கும், மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். பத்து மணிக்கு மேல் போய்ப் பறித்துவிட்டு "கருவுறாத சூல்" என்று சீட்டு ஒட்டாதீர்கள், வண்டு ஏற்கெனவே வந்து போயிருக்கும். உறுதியாக வேண்டுமென்றால் முந்தின நாள் மாலையே மொட்டின் வாயை நூலால் கட்டிவிடுங்கள்.

பிளேடால் வெட்டினால் போதுமா? மைக்ரோடோம் (மெல்லிய சீவல் வெட்டும் கருவி) கட்டாயமா?

சூற்பைச் சுவர், வாஸ்குலார் கற்றை (நீரும் உணவும் கடத்தும் குழாய்க் கட்டு), சூலகத்தண்டு, தூவிகள், தேன்சுரப்பி இவற்றுக்குப் புது பிளேடு தாராளமாகப் போதும். கருப்பைக்கு மட்டும் மைக்ரோடோம் வேண்டும், அல்லது சூலை வெட்டாமல் முழுதாக, ஒளி ஊடுருவும்படி தெளிவாக்கிப் பார்க்கும் முறை வேண்டும்.

கையால் வெட்டும்போது மொட்டை நெட்டித் துண்டின் பிளவில் செருகிக்கொள்ளுங்கள். கேரட் துண்டும் ஆகும். பிளேடையும் மொட்டையும் நனைத்துக்கொண்டு, பிளேடை உங்களை நோக்கி ஒரே இழுப்பாக இழுங்கள். ரம்பம் அறுப்பது போல முன்னும் பின்னும் ஆட்டினால் செல்கள் நசுங்கும். இருபது முப்பது சீவல் எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் மிதக்கவிட்டு, கண்ணாடி போலத் தெரிவதை மட்டும் தூரிகையால் எடுங்கள். முழு வட்டமாகத்தான் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து வந்த சீவலில் அந்த மெலிந்த ஓரம்தான் உங்களுக்கு வேண்டியது.

மைக்ரோடோம் வழி என்றால் பல நாள் வேலை. ஃபார்மலின், அசிட்டிக் அமிலம், ஆல்கஹால் கலந்த நிலைநிறுத்தியில் (திசுவைக் கெடாமல் காக்கும் கரைசல்) ஒரு நாள், பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் சேமிப்பு, படிப்படியாகச் செறிவு கூட்டிய ஆல்கஹாலில் நீரை வெளியேற்றல், சைலீன், பிறகு 58 டிகிரி அளவில் உருகிய பாரஃபின் மெழுகு. கடைசியில் 8 முதல் 12 மைக்ரான் தடிமனில் நாடாவாக வெட்டுவோம். ஃபார்மலினும் சைலீனும் விளையாட்டுப் பொருள்கள் இல்லை. காற்று வெளியேற்றும் பெட்டி இல்லாத அறையில் இதைச் செய்யவே கூடாது.

எவ்வளவு பெருக்கிப் பார்க்க வேண்டும்?

பெரும்பாலானவர்கள் எடுத்த எடுப்பில் 40 மடங்குப் பொருளருகு லென்ஸுக்குத் தாவிவிடுகிறார்கள். அங்கே பார்வைப் புலத்தின் அகலம் அரை மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. 4 மடங்கு லென்ஸில் சுமார் நாலரை மில்லிமீட்டர் கிடைக்கும். முதலில் அங்கே நின்று, சூற்பையின் மையம் எது, அறை எது, சூல் எந்தப் பக்கம் தலை சாய்த்திருக்கிறது என்று ஒரு பென்சில் படம் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் 10. பிறகுதான் 40. ஊர் வரைபடம் இல்லாமல் நேராகத் தெருமுனையில் இறங்கினால் எந்தத் தெரு என்றே தெரியாது அல்லவா, அதே கதைதான்.

எந்தச் சாயம்?

ஒன்றே ஒன்று வாங்கும் வசதிதான் என்றால் டொலுயிடின் நீலம், 0.05 சதவீதக் கரைசல். ஒரே சாயம் பல நிறம் காட்டும்: லிக்னின் என்ற கடினப்பொருள் ஏறிய சைலத்தின் (நீர் கடத்தும் திசு) சுவர்கள் பச்சை கலந்த நீலமாகவும், பெக்டின் மிகுந்த மெல்லிய சுவர்கள் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகவும் தெரியும். ஒரு நிமிடம் போட்டு அலசினால் போதும்.

மற்றவை தேவைக்கேற்ப. மாவுப்பொருளுக்கு அயோடின், க்யூட்டிகிளுக்கு (மேல்தோலின் மீதுள்ள மெழுகுப் படலம்) சூடான் சாயம், நிலையான ஸ்லைடுக்கு சாஃப்ரனினும் ஃபாஸ்ட் கிரீனும். மகரந்தக்குழலுக்கு அனிலின் நீலம். அதைப் பற்றிக் கீழே.

சூலகமுடியில் என்ன பார்க்கலாம்?

பூசணியின் சூலகமுடி மூன்று தடித்த மடல்களாக இருக்கும். ஒரு மடலின் ஓரத்தை மெல்லிசாகச் சீவிப் பாருங்கள். மேல்தோல் செல்கள் ஒவ்வொன்றும் வெளியே நீண்டு, விரல்விரலாக நிற்கும். இந்த நுண்காம்புகள்தான் மகரந்தத்துகளைப் பிடித்து நிறுத்துபவை. அவற்றுக்குக் கீழே நெருக்கமான, சைட்டோபிளாசம் அடர்ந்த செல்கள். சாயத்தில் கருமையாகத் தெரியும் பட்டை அது.

சூலகமுடிகளை ஈரமானவை, உலர்ந்தவை என்று பிரிப்பார்கள். ஹெஸ்லாப்-ஹாரிசனும் சிவண்ணாவும் 1977இல் ஏறத்தாழ ஆயிரம் சிற்றினங்களைப் பார்த்து வகுத்தது இந்தப் பிரிவு. ஈர வகையில் பசை போன்ற சுரப்பு மேலே வழியும். தக்காளிக் குடும்பம் உதாரணம். உலர் வகையில் சுரப்பு வழியாது, ஆனால் க்யூட்டிகிளின் மேல் மெல்லிய புரதப் படலம் இருக்கும். புல் குடும்பமும் கடுகுக் குடும்பமும் இப்படி.

ஏற்கும் பருவத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு சொட்டு விட்டு, கைலென்ஸில் பாருங்கள். பருவம் வந்த முடியில் நுண்காம்புகளின் நுனியில் குமிழிகள் முத்து முத்தாகக் கிளம்பும். அங்குள்ள நொதிகள் செய்யும் வேலை. எச்சரிக்கை: வெட்டுப்பட்ட, கசங்கிய திசுவும் இதே மாதிரி நுரைக்கும். இடுக்கியால் அழுத்திப் பிடித்துவிட்டு "பருவம் வந்துவிட்டது" என்று எழுதிக்கொள்ளக் கூடாது.

சூலகத்தண்டு உள்ளே வெறும் குழாயா?

சிலவற்றில் ஆமாம், பலவற்றில் இல்லை. லில்லியில் நடுவே நிஜமாகவே ஒரு கால்வாய் இருக்கிறது. அதன் சுவரில் சுரப்புச் செல்கள் வரிசை கட்டியிருக்கும், மகரந்தக்குழல் அந்தச் சுவரை ஒட்டி இறங்கும். புகையிலை மாதிரிச் செடிகளில் தண்டு கெட்டி. நடுவில் நீளவாட்டுச் செல்களாலான வழிகடத்தும் திசு இருக்கும். குறுக்குவெட்டில் அந்தச் செல்கள் வட்டமாக, ஒன்றுக்கொன்று விலகி, இடையில் சாயத்தை உறிஞ்சிய சுரப்புப் பொருளில் மிதப்பது போலத் தெரியும். மகரந்தக்குழல் போவது செல்லுக்குள் இல்லை, அந்த இடைவெளிப் பசைக்குள். இதைப் படத்தில் பார்த்துப் புரிந்துகொள்வது கஷ்டம். குறுக்குவெட்டு ஒன்றைப் பார்த்தால் ஒரே நொடியில் புரியும்.

மக்காச்சோளத்தின் பட்டு இழை ஒவ்வொன்றும் ஒரு பெண் பூவின் தண்டும் முடியும் சேர்ந்தது. நுனியில் மட்டும் இல்லாமல் நெடுகிலும் பலசெல் தூவிகள் இருப்பதால், இழையில் எங்கே துகள் விழுந்தாலும் முளைக்கும். ஒரு இழையைக் குறுக்கே வெட்டுங்கள். தட்டையான நாடா போல இருக்கும். அதில் இரண்டு வாஸ்குலார் கற்றைகள் இரண்டு கண்களைப் போல முறைக்கும். கற்றைகளை ஒட்டியே வழிகடத்தும் திசு. இந்த இழைக்குள் மகரந்தக்குழல் மணிக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட ஓடும். ஒரு செல்லின் வளர்ச்சி என்று பார்த்தால் இது அசுர வேகம்.

மகரந்தக்குழலைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும், அழகாகவே. 1820களில் இத்தாலிக்காரர் அமிச்சி, பருப்புக்கீரை இனத்தின் சூலகமுடியில் தற்செயலாக இதைப் பார்த்தார். அதுவரை துகள் வெடித்துச் சிதறும் என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள்.

குழலின் சுவரில் கேலோஸ் என்ற கூட்டுச்சர்க்கரைப் பொருள் இருக்கிறது. போகப்போகப் பின்பக்கத்தைக் கேலோஸ் அடைப்புகளால் மூடிக்கொண்டே போகும். மகரந்தச் சேர்க்கை நடந்து சில மணி நேரம் கழித்துச் சூலகத்தை எடுத்து, நிலைநிறுத்தி, சோடியம் ஹைட்ராக்சைடில் மென்மையாக்கி, அலசி, அனிலின் நீலத்தில் போட்டு, கவர் ஸ்லிப்பால் மெல்ல அழுத்துங்கள். புற ஊதா ஒளியில் ஒளிர் நுண்ணோக்கியில் பார்த்தால் இருட்டில் மஞ்சள்பச்சை நூல்கள் கட்டுக்கட்டாக இறங்கிக்கொண்டிருக்கும், நடுநடுவே அடைப்புகள் பிரகாசமான புள்ளிகளாக. ஒளிர் நுண்ணோக்கி இல்லாதவர்கள் லாக்டோஃபீனாலில் கரைத்த காட்டன் புளூவில் முயலலாம்; அவ்வளவு பளிச்சென்று இருக்காது, வேலைக்கு ஆகும்.

சூற்பைச் சுவரில் என்ன இருக்கிறது?

வெளியிலிருந்து உள்ளே: ஒற்றை அடுக்குப் புறத்தோல், அதன்மேல் க்யூட்டிகிள், ஆங்காங்கே இலைத்துளை. ஆமாம், சூற்பைக்கும் இலைத்துளை உண்டு. சூற்பையை உருவாக்கும் சூலிலை என்பதே மடிந்த இலையை ஒத்த உறுப்பாகக் கருதப்படுவதுதானே. அதற்குக் கீழே பாரன்கைமா (மெல்லிய சுவருள்ள சாதாரணச் செல்கள்), அதில் பதிந்த வாஸ்குலார் கற்றைகள், கடைசியாக அறையைப் பார்த்த உட்புறத்தோல். பூவாக இருக்கும்போது சுவர் பெரும்பாலும் பாரன்கைமாதான். கனியாகும்போது வரும் கடினத்தன்மை, சாறு, நிறம் எல்லாம் பிற்பாடு.

கற்றைகளை எண்ணுங்கள், அதில் சுவாரஸ்யம் இருக்கிறது. பொதுவாக ஒரு சூலிலைக்கு முதுகுப்பக்கம் ஒரு கற்றை, விளிம்புகளில் இரண்டு. விளிம்புக் கற்றைகளிலிருந்துதான் சூல்களுக்குக் கிளை பிரியும். அடுத்தடுத்த சூலிலைகள் இணையும்போது பக்கத்துப் பக்கத்து விளிம்புக் கற்றைகள் சேர்ந்து ஒன்றாகிவிடுவதும் உண்டு. எனவே வெளியே பார்த்தால் ஒரே உருண்டையாக இருக்கும் சூற்பை எத்தனை சூலிலைகளால் ஆனது என்பதை உள்ளே கற்றைகள் காட்டிக்கொடுத்துவிடும்.

பூசணி போலக் கீழ்மட்டச் சூற்பையில் இன்னொரு சிக்கல். சுவரின் வெளிப்பகுதியில் இதழ்களுக்குப் போகும் கற்றைகளும் ஓடுகின்றன. அந்த வெளிப்பகுதி யாருடையது, இதழ்களின் அடிப்பகுதிகள் சூற்பையோடு ஒட்டியதா, பூ உறுப்புகள் அமரும் பூத்தளம் கிண்ணமாக மேலெழுந்து மூடியதா என்று தாவரவியலாளர்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டினார்கள். பல குடும்பங்களில் கற்றைகளின் போக்கு முதல் விளக்கத்துக்குச் சாதகம். கள்ளிக் குடும்பத்தில் மட்டும் கற்றைகள் விளிம்புவரை மேலேறி, திரும்பிக் கீழிறங்குகின்றன. இறங்கும் கற்றையில் சைலமும், உணவு கடத்தும் ஃபுளோயமும் இடம் மாறிக் கிடக்கும். கையுறையின் விரலை உள்பக்கமாகத் தள்ளிவிட்டால் துணியின் உட்புறம் வெளியே திரும்புமே, அதே போல. அங்கே பூத்தளம்தான் குழிந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சூலின் உள்ளே என்ன என்ன இருக்கும்?

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

ஒரு சூல் சூலொட்டுத்திசுவிலிருந்து (சூற்பைக்குள் சூல்கள் ஒட்டியிருக்கும் இடம்) ஒரு காம்பில் தொங்குகிறது. பூக்கும் தாவரங்களில் பெரும்பாலானவற்றில் அது தலைகீழாகத் திரும்பியிருக்கும். அதாவது குழல் நுழையும் வாசலான சூல்துளை, காம்பின் அடியை நோக்கித் திரும்பி, சூலொட்டுத்திசுவுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். வழித்தடத்தை நினைத்துப் பாருங்கள்: குழல் ஊர்ந்து வருவது சூலொட்டுத்திசுவின் மேற்பரப்பு வழியாக. வாசல் அங்கேயே இருந்தால் வசதி. ஆமணக்கில் இதற்கும் ஒருபடி மேலே போய், சூல்துளைக்கு நேர் மேலே ஒரு திசுக் குமிழ் குடை போல வளர்ந்து குழலுக்குப் பாலம் போடுகிறது. ஆமணக்கின் நீள்வெட்டில் தவறவிடக் கூடாத காட்சி அது.

பூசணியின் சூலுக்கு இரண்டு சூலுறைகள், அதற்குள் தடித்த சூல்திசு. அந்தச் சூல்திசு குடுவை வடிவத்தில் இருக்கும். மேல்பக்கம் கழுத்தாக நீண்டு சூல்துளைக்குள் மூக்கை நுழைத்திருக்கும். வெள்ளரிக் குடும்பத்தின் முத்திரை இந்த மூக்கு. வெட்டுக்காயப் பூண்டில் பாருங்கள், எல்லாம் மாறும்: ஒரே சூலுறை, அதுவும் பருத்தது, சூல்திசு மெல்லியது, சீக்கிரமே கரைந்துபோகும். அப்புறம் சூலுறையின் உள் அடுக்குச் செல்களே கருப்பையைச் சுற்றி ஒழுங்கான வரிசையாக நின்று ஊட்டம் தரும் வேலையை எடுத்துக்கொள்ளும்.

சூல்திசுவின் நடுவில் கருப்பை. பெயரைப் பார்த்துப் பெரிதாக நினைக்க வேண்டாம், ஏழு செல்கள்தான். பெருவித்துத் தாய்செல் குன்றல் பிரிவில் (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் பிரிவு) நான்கு பெருவித்துகளாகிறது. வழக்கமாகச் சூல்துளைப் பக்கம் உள்ள மூன்று அழிந்து, உள்ளே, சூல்துளைக்கு எதிர்முனையான சலாசா பக்கம் இருப்பது மட்டும் தப்பிக்கும். அதன் உட்கரு மூன்று முறை பிரிந்து எட்டாகும். சூல்துளைப் பக்கம் அண்டசெல்லும் அதன் துணைச் செல்களான இரண்டு சினர்ஜிட்களும். எதிர்ப்பக்கம் மூன்று எதிரடிச் செல்கள். நடுவில் இரண்டு துருவ உட்கருக்களைத் தாங்கிய பெரிய மையச் செல். ஏழு செல், எட்டு உட்கரு. ஸ்ட்ராஸ்பர்கர் 1879இல் பாலிகோனம் என்ற செடியில் விவரித்ததால் அந்தப் பெயரிலேயே இந்த வகை வழங்குகிறது. பூக்கும் தாவரங்களில் சுமார் 70 சதவீதம் இப்படித்தான். புற்களில் எதிரடிச் செல்கள் மூன்றோடு நிற்காமல் பெருகி ஒரு கூட்டமாகிவிடும். மக்காச்சோளத்தில் இருபதைத் தாண்டும்.

அண்டசெல் எது, சினர்ஜிட் எது என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு அடையாளம். அண்டசெல்லில் வாக்குவோல் (சாறு நிறைந்த குமிழ்) சூல்துளைப் பக்கமும் உட்கரு உள்பக்கமும் இருக்கும். சினர்ஜிட்டில் அப்படியே தலைகீழ். சினர்ஜிட்டின் நுனியில் விரல் விரலாக உள்ளே மடிந்த சுவர் தடிப்பு வேறு இருக்கும். குழலை ஈர்க்கும் வேதிப்பொருளை வெளியிடுவது இந்த சினர்ஜிட்கள்தான். டொரேனியா என்ற செடியில் 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தச் சிறு புரதங்களை அடையாளம் கண்டார்கள். அந்தச் செடியில் கருப்பை சூல்துளைக்கு வெளியே தலைநீட்டி நிற்பதால் நேரடியாகப் பார்க்க வசதியாகப் போயிற்று.

எத்தனை வெட்டினாலும் கருப்பை தெரியவே இல்லையே?

எனக்கும் முதலில் அப்படித்தான். பத்துப் பன்னிரண்டு மைக்ரான் தடிமனில் வெட்டும்போது, 100 மைக்ரான் நீளமுள்ள ஒரு கருப்பைகூட, குறுக்கே போனால், எட்டுப் பத்துச் சீவல்களில் சிதறிப்போகும். ஒரு சீவலில் ஒரு உட்கரு, அடுத்ததில் ஒன்றுமில்லை, அதற்கடுத்ததில் இரண்டு. எல்லாம் ஒரே சீவலில் பாடப்புத்தகப் படம் போல வரிசையாக நிற்க வேண்டுமென்றால், கத்தி சூலின் நீள அச்சுக்குச் சரியாக இணையாகப் போக வேண்டும். பூசணிச் சூற்பையின் குறுக்குவெட்டில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சூல்கள் சிலவற்றுக்கு இது தானாகவே வாய்த்துவிடும். அதனால்தான் சூலின் நீள்வெட்டு வேண்டுமென்றால் சூற்பையைக் குறுக்கே வெட்டு என்று சொல்வது.

இரண்டாவது ஆபத்து, கிழிசல். படிக்கும் காலத்தில் ஒரு முறை சூல்திசுவின் நடுவில் நீள்வட்டமாக ஒரு வெற்றிடம் கண்டு, கருப்பை கிடைத்துவிட்டது என்று வகுப்பையே கூப்பிட்டுக் காட்டினேன். பாடம் எடுத்தவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஓரத்தைப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். 40 லென்ஸில் பார்த்தால் வெற்றிடத்தின் விளிம்பில் செல்கள் பாதியாகப் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. மெழுகு ஏறாத இடத்தில் கத்தி பிடுங்கிய ஓட்டை அது. நிஜக் கருப்பைக்கு வழுவழுப்பான எல்லை இருக்கும். பக்கத்துச் சூல்திசுச் செல்கள் நசுங்கித் தட்டையாகியிருக்கும். முன்பின் சீவல்களிலும் அதே இடத்தில் தொடரும். இந்த மூன்றும் பொருந்தினால் நம்பலாம்.

ஆண் உறுப்பின் எச்சம் எப்படித் தெரியும்?

வெள்ளரியின் மிக இளம் மொட்டை நீளவாக்கில் வெட்டினால் அது ஆணா பெண்ணா என்று சொல்லவே முடியாது. மகரந்தத்தாள் மேடுகளும் இருக்கும், சூலக மேடும் இருக்கும். எல்லா மொட்டும் இருபாலாகத்தான் தொடங்குகிறது. பிறகு ஒன்று வளர, மற்றது நின்றுபோகிறது. பெண் மொட்டில் நின்றுபோன மகரந்தத்தாளை வெட்டினால் பாரன்கைமாவும் ஒரு மெலிந்த கற்றையும் தெரியும். மகரந்தத்தை உண்டாக்கும் வித்துருவாக்கத் திசு இருக்காது. எந்தப் பக்கம் சாயும் என்பதில் எத்திலீன் என்ற தாவர ஹார்மோனுக்குப் பெரிய பங்கு. எத்திலீனை விடுவிக்கும் எத்திபான் தெளித்தால் வெள்ளரியில் பெண் பூ கூடும். எத்திலீனின் வேலையைத் தடுக்கும் வெள்ளி உப்பு கொடுத்தால் ஆண் பூ வரும்.

தேன்சுரப்பி திசுவா, தூவியா?

பூசணிப் பெண் பூவில் அது சூலகத்தண்டின் அடியைச் சுற்றிய ஒரு வளையம். சிறிய, நெருக்கமான செல்கள், மேற்பரப்பில் உருமாறிய இலைத்துளைகள். மலருமுன் அயோடின் விட்டால் வளையமே கருநீலமாகும், அத்தனை மாவுப்பொருள். மலர்ந்து தேன் சுரந்தபின் அதே சோதனையைச் செய்தால் நிறம் வெகுவாகக் குறைந்திருக்கும். மாவு சர்க்கரையாகி இலைத்துளை வழியே வெளியேறிவிட்டது. புதியவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி இதுதான், ஏனென்றால் கோணல் சீவலிலும் பலிக்கும்.

தூவிகள், படிகங்கள்?

வெள்ளரிச் சூற்பையின் 'முள்' பலசெல் தூவிதான். பக்கத்திலேயே உருண்டைத் தலையுள்ள சுரப்புத் தூவிகளும் இருக்கும். படிகம் பார்க்க சேம்பின் பூந்தண்டின் அடியில் உள்ள பெண் பூக்களை எடுங்கள். ஊசிக்கட்டுகள் நசுக்கியதுமே சிதறி ஓடும். கையை நன்றாகக் கழுவுங்கள், அரிக்கும்.

அத்திக்குள் இருப்பதும் பெண் பூக்களா?

உள்ளே வரிசையாக இருப்பவற்றில் பெரும்பகுதி பெண் பூக்கள். சிலவற்றின் சூலகத்தண்டு குட்டை, சிலவற்றில் நெட்டை. அத்திக்குளவி தன் முட்டைக்குழாயைத் தண்டு வழியே விட்டு, சூலுறைக்கும் சூல்திசுவுக்கும் இடையில் முட்டை வைக்கிறது. மகரந்தக்குழலுக்கான பாதையைக் குளவி கடன் வாங்கிக்கொண்டது போல. வெட்டும்போது சூலுக்குப் பதில் ஒரு புழு கண்ணில் பட்டால் பயப்பட வேண்டாம்.

சைக்கஸ் மரத்தின் பெண் உறுப்பை இதில் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டாம். அங்கே சூல் திறந்த வெளியில் இருக்கிறது. சூற்பை இல்லை, தண்டு இல்லை, முடி இல்லை. சூலை மட்டும் பார்க்க விரும்பினால் அருமையான பொருள், வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு பெரிது.

கருவுற்றுவிட்டதா என்று வெட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் அடையாளம் சினர்ஜிட்டில். இரண்டில் ஒன்று சுருங்கி, சாயத்தில் அடர்ந்து தெரியும்; குழல் நுழைந்த இடம் அது. பிறகு மையச் செல்லில் பல உட்கருக்கள் தோன்றும். கருவுக்கு உணவாகும் கருவூண் திசு முந்திக்கொள்ளும், கருமுட்டை (கருவுற்ற அண்டசெல்) நிதானமாகத்தான் பிரியும். குழல் கொண்டுவரும் இரண்டு விந்துகளில் ஒன்று அண்டத்தோடும் இன்னொன்று மையச் செல்லோடும் சேர்வதை நவாஷின் 1898இல் லில்லியிலும் ஃபிரிட்டில்லாரியாவிலும் கண்டார். பூசணிக் குடும்பத்தில் அதற்குப்பின் ஒரு வேடிக்கை: கருவூண் திசு சலாசா பக்கமாக வால் போல நீண்டு, சுற்றியுள்ள திசுவைத் துளைத்துக்கொண்டு போய் உறிஞ்சும்.

மக்காச்சோளத்தில் வெட்டாமலே தெரிந்துகொள்ளலாம். மடல்களைப் பக்குவமாக உரித்துவிட்டுக் கதிரை உலுக்கினால், கருவுற்ற சூற்பைகளின் பட்டு இழைகள் உதிரும். மற்றவை ஒட்டிக்கொண்டே நிற்கும்.

சீவலை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

தண்ணீரில் ஏற்றியது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கிளிசரினில் ஏற்றி, கவர் ஸ்லிப்பின் நான்கு ஓரமும் நகப்பூச்சால் அடைத்தால் சில வாரம் வரும். நிலையான பிசினில் ஏற்றியவை பல ஆண்டுகள். எதுவானாலும் ஸ்லைடின் சீட்டில் செடி, பூவின் நிலை, வெட்டின் திசை, சாயம், தேதி ஐந்தையும் அன்றே எழுதிவிடுங்கள். "பூசணி, பெண்" என்று மட்டும் எழுதிய ஒரு பெட்டி ஸ்லைடு என்னிடம் இருக்கிறது. மொட்டா, மலர்ந்ததா, நூல் கட்டியதா, கட்டாததா என்று இப்போது எனக்கே தெரியாது.